காற்றுத் தடை: காடிக்குச் செலவு செய்யும்முன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வரும் இளைஞர்களில் பலர் இப்போது இஞ்சினைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள், வாரக் கடைசியில் பினாங்கு வரை ஓட்டுகிறவர்கள். எண்ணெய்ச் செலவு குறைய வேண்டும், காடி இன்னும் லேசாக ஓட வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் எதையெல்லாம் நம்பிக்கொண்டு திரிந்தோமோ அதையேதான் இவர்களும் நம்புகிறார்கள். அந்தத் தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டயருக்குக் காற்றுப் பார்ப்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும், அதைச் சமாளிக்கத் தேவையான பவர் எட்டு மடங்காகும். மைவி மாதிரிச் சின்ன காடி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றைத் தள்ள மட்டும் சுமார் 8 குதிரைத்திறன் போகிறது. நெடுஞ்சாலை வேக வரம்பான 110-ஐத் தொட்டால் அது 15-க்குப் பக்கத்தில் வந்துவிடும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் 40-ல் போகும்போது டயர் உருளும் தடைதான் பெரிது. 60, 70-க்கு மேல்தான் காற்று முந்துகிறது. செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் காடிக்கு இந்தச் செலவு எதுவும் வேண்டாம்.

பெரிய விங்

காடியின் பின்னால் இறக்கை மாதிரி மாட்டும் இந்தத் தகட்டைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. "அண்ணே, பின்னால விங் போட்டா காத்தை வெட்டிக்கிட்டுப் போகுமாமே?" என்று ஒரு தம்பி கேட்டான். கேட்கும்போதே விங் போட்டாயிற்று. வேறொரு ஊர்க் கடையில் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கொடுத்து, பின்கதவில் துளை போட்டு மாட்டியிருந்தார்கள்.

காடி காற்றோடு மல்லுக்கட்டுவது முன்னால் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பகுதி பின்னால் நடக்கிறது. கூரை மேல் ஒட்டிக்கொண்டு வரும் காற்று பின்கண்ணாடி விளிம்பில் பிரிந்துபோகும், காடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த சுழல் ஒன்று உண்டாகும், அதுதான் காடியைப் பின்னுக்கு இழுக்கிறது. கம்பெனி வைத்துத் தரும் சின்ன ஸ்போய்லர், கூரையை நீட்டிவிட்ட மாதிரி, காற்று ஒழுங்காகப் பிரிய உதவும். அதைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காடிமேல் காற்றை வீசிப் பார்க்கும் கூடத்தில், சோதித்துத்தான் வைக்கிறார்கள். விங் வேறு ஜாதி. அதன் வேலை காடியைத் தரையோடு அழுத்துவது, அந்த அழுத்தத்துக்கு விலை கூடுதல் காற்றுத் தடை.

செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை பார்முலா 1 பந்தயம் நடந்ததே, அதைப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். 2011-ல் டிஆர்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2025 வரை இருந்தது. நேர்ப்பாதையில் டிரைவர் பட்டனை அழுத்தினால் பின் விங்கின் மேல் தகடு திறந்துகொள்ளும், தடை குறையும், வேகம் கூடும். விங்கே வேகம் தருமானால் அதை எதற்குத் திறக்க வேண்டும்? வளைவில் டயர் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் அந்தத் தடையைத் தாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு டோல் சாவடி வரை நேர் ரோடுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தம்பியின் மைவி முன்சக்கரத்தால் ஓடும் காடி. விங் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்து கீழே அழுத்தினால், முன்பக்கம் கொஞ்சம் லேசாகும். இழுக்கிற சக்கரத்தின் பிடிதான் குறையும்.

தம்பி நம்பவில்லை. சரி, காற்று எப்படி ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கம்பளி நூலைச் சாண் சாணாக வெட்டி, கூரையிலும் பின்கண்ணாடியிலும் விங்கிலும் டேப் போட்டு ஒட்டினோம். அவன் ஓட்ட, நான் பின்னால் வேறு காடியில் உட்கார்ந்து போனில் படம் எடுத்தேன். கூரை நூலெல்லாம் படிந்து நேராகப் பின்னோக்கி நின்றது. கண்ணாடி நூல்கள் திசையில்லாமல் அடித்துக்கொண்டன, சில மேல்நோக்கிக்கூடப் புரண்டன. கூரைக்குக் கீழே மாட்டிய விங்கிலும் அதே கதி. அதாவது அந்த விங் சுழலுக்குள்ளேயே நிற்கிறது. தரையோடு அழுத்தவும் இல்லை, சும்மா பாரமும் தடையும்.

பின்கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். துளையைச் சுற்றி சிலிக்கோன் விட்டுப்போய், மழைத்தண்ணீர் இறங்கிய தடம் துருவாகக் கீழ்வரை ஓடியிருந்தது. ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பாரம் தாங்காமல் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியும் தளர்ந்துவிட்டது. துளையை அடைத்துப் பெயிண்ட் அடிக்க அவன் மறுபடி காசு எடுக்க வேண்டியிருந்தது. உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் இப்படிப் பொய் சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தடை எண்ணை மட்டும் பார்ப்பது

விளம்பரத்தில் 0.30, 0.28 என்று போடுவார்கள். காடியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் மட்டுமே அது. முன்னிருந்து பார்த்தால் காடி அடைக்கும் பரப்பையும் அதோடு பெருக்க வேண்டும். 0.30 உள்ள உயரமான எஸ்யூவி 2.7 சதுர மீட்டர் அடைத்தால் 0.81. 0.32 உள்ள சின்ன ஹேட்ச்பேக் 2.1 அடைத்தால் 0.67 தான். எண் குறைவாக இருந்தும் தோற்பது எஸ்யூவி.

காலி ரூஃப் ரேக்

தீபாவளிக்குச் சாமான் ஏற்றினீர்கள். இறக்கியதும் கூரை ரேக்கையும் கழற்றுங்கள், காலியாக இருந்தாலும் அது காற்றைத் தடுக்கும்.

லோரியின் வாலைப் பிடித்து ஓட்டுவது

தடை குறைவது உண்மை. பிரேக் போட இடம் இருக்காது. வேண்டாம்.

பிக்கப்பின் பின்பலகையைத் திறந்துவிடுவது

தோட்டத்தில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வது இது: பலகை காற்றைப் பிடிக்கிறது, இறக்கிவிட்டால் எண்ணெய் மிச்சமாகும். பலகை மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்து, பெரும்பாலும் தடை கூடத்தான் செய்கிறது.

அடித்தட்டைத் தூக்கி எறிவது

இஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத்தான் சொல்கிறேன். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கே காற்று நிறையவே தடுமாறுகிறது, அதைச் சமப்படுத்தத்தான் அந்தத் தட்டு. இஞ்சின் எண்ணெய் மாற்றக் கழற்றுவார்கள், கிளிப் உடையும், "இது வேணாம்ணே, சேறுதான் அடைக்கும்" என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். பாதிக் கிளிப்பில் தொங்கவிடுவது அதைவிட மோசம், வேகத்தில் கிழிந்து சக்கரத்தில் மாட்டும். சர்வீஸ் முடிந்து சாவி வாங்கும்முன் குனிந்து பாருங்கள். கிளிப் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், நாலைந்து வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.