கழற்றும் முன் மூடத் தெரிய வேண்டும்

கட்டடப் பராமரிப்பு என் தொழில் என்பதால், தெரிந்தவர்கள் வீட்டில் எது உடைந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "பைப் புட்டுக்கிச்சு, தண்ணி கொட்டுது!" என்பார்கள். "சரி, மெயின் வால்வை மூடியாச்சா?" என்று கேட்பேன். "அது எங்கே இருக்கு?" என்று பதில் வரும்.

சொந்த வீடு, பல வருடம் குடியிருந்த வீடு. டைல்ஸ் நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைந்திருப்பார்கள்; தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதனால் வீட்டு வேலை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வருகிறவர்கள் கையில் நான் உடனே ஸ்பேனரைக் கொடுப்பதில்லை. தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றையும் எங்கே மூடுவது என்று காட்டச் சொல்வேன். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தால் மற்றதைப் பேசலாம்.

தண்ணீர்

மெயின் வால்வு பெரும்பாலும் இரண்டு வகைதான். நீளமான கைப்பிடி இருந்தால் பால் வால்வு. கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டப் பிடி இருந்தால் கேட் வால்வு. வலப்பக்கமாகப் பல சுற்று திருகினால்தான் மூடும். தொல்லை கொடுப்பது இந்த இரண்டாவது வகை. வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உள்ளே உப்புப் படிந்து இறுகிவிடும். பதற்றத்தில் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் தண்டு ஒடியும், அப்புறம் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மாவாவது மூடித் திறந்துவிடுங்கள். முழுதாகத் திறந்த பின் கால் சுற்று பின்னால் திருப்பி விட்டுவைத்தால், அந்த நிலையிலேயே இறுகிப்போகாது.

மூடியதும் ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் ஒழுகினால் வால்வு தேய்ந்துவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லாத இப்போதே மாற்றிவிடுங்கள்.

இது கைவந்துவிட்டால் சொட்டும் குழாய் பெரிய விஷயமே இல்லை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். சிங்க் துளையில் ஒரு துணியைத் திணியுங்கள்; குட்டி ஸ்க்ரூ ஒன்று அதற்குள் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. சுற்றித் திறக்கும் பழைய குழாய் என்றால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் நசுங்கிப்போய்க் கிடக்கும். கடைக்கு அதையே எடுத்துப் போங்கள், கண் மதிப்பில் அளவு சொன்னால் சரியாக வராது. மேலே தூக்கித் திறக்கும் ஒற்றைக் கைப்பிடிக் குழாயில் வாஷருக்குப் பதில், தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற உருளை இருக்கும். அதை முழுதாக மாற்ற வேண்டும்.

இணைப்பு கசியாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில்தான் முதல் முறை செய்கிறவர்கள் தடுமாறுகிறார்கள். மரை இருக்கும் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே சுருண்டு வந்துவிடும். லேசாக இழுத்துப் பிடித்தே சுற்ற வேண்டும்; மரையின் வரிகள் டேப்புக்கு மேலாகவும் தடவிப் பார்த்தால் தெரிய வேண்டும்.

சொட்டும் குழாயாவது கண்ணில் படும். ஃப்ளஷ் டேங்க் கசிவு படாது. டேங்க் மூடியைத் திறந்து, சமையலுக்குப் பயன்படுத்தும் கலர்ப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்திருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. வீட்டில் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

மின்சாரம்

மின்பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன எம்.சி.பி.க்கள் இருக்கும்; அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக 'விழுந்து' இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சுகள் அவை. பக்கத்திலேயே கொஞ்சம் அகலமாக, டெஸ்ட் பொத்தானோடு ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை; ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது உங்களை. வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிறதும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் ஆள் பாதுகாப்புக்குப் போடும் வகையில், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தக் குறைச்சல் யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்பதுதான் காரணம். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் கைவிரித்துவிடும். போனது அப்படியே திரும்பி வந்துவிடுகிறதே, அதற்கு எப்படித் தெரியும்?

டெஸ்ட் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்துங்கள். 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தக் கருவியே வீட்டில் இல்லையா? பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் செலவு இதுதான்.

எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுவது ஒரு சாயங்கால வேலை. ஒவ்வொன்றாக அணைத்து, எது நிற்கிறது என்று ஒருவர் உள்ளிருந்து குரல் கொடுத்தால் போதும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதன்மேல் கோபப்பட்டுக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா எம்.சி.பி.யையும் அணையுங்கள். ஆர்.சி.சி.பி.யின் பிடியை மேலே தூக்கிப் போடுங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒன்றொன்றாகத் திரும்பச் செருகினால் குற்றவாளி பெரும்பாலும் அகப்படும். எதுவும் செருகாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கலாம். அதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம். எம்.சி.பி. விழுகிறது என்று பெரிய ஆம்பியர் எம்.சி.பி. மாட்டுவதும் கூடாது, உள்ளே இருக்கும் வயர் அதே பழைய வயர்தான், அது சூடாகி உருகும்.

கையை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ ஓடி முடித்து, ஸ்விட்சை அணைத்தபின் பிளக்கைத் தொடுங்கள். சுடுகிறதென்றால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை ஒல்லி வயர் எக்ஸ்டென்ஷனில் மாட்டாதீர்கள். சுருளாகச் சுற்றிவைக்கும் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுதாகப் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுருளுக்குள் சூடு வெளியே போக வழியில்லை.

கேஸ்

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பைப்பில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே போகும். இரண்டுக்கும் வாசனை பின்னால் சேர்த்ததுதான். அந்த வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். போகிற வழியில் கைக்கெட்டினால் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே போய் நின்று போன் செய்யுங்கள். லேசான சந்தேகம் மட்டும் என்றால் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் வைக்கவே கூடாது. சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடி, ஆறும்வரை அப்படியே விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும்.

சுவர்

இதுவரை சொன்னவையெல்லாம் மூடி நிறுத்தக்கூடியவை. சுவருக்கு வால்வு கிடையாது, கவனிக்கத்தான் முடியும். டிரில் போடும் முன் ஸ்விட்சுக்கும் குழாய்க்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் இடம் தேடாதீர்கள். வயரும் பைப்பும் அந்தக் கோட்டில்தான் ஓடும். ஏணி சாயும் உயரத்தில் ஒவ்வொரு நாலு அடிக்கும் அடிப்பக்கம் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள்.

ஈரத் திட்டு தெரிந்தால் உடனே பெயிண்ட் வாங்க ஓடாதீர்கள். ஓர் அலுமினியத் தாளை அந்த இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறையின் காற்றில் உள்ள ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மூலத்தை அடைக்காமல் என்ன பூசினாலும் உரிந்துவிடும்.

விரிசலுக்கு ஒரு பென்சில் போதும். விரிசல் முடியும் இடத்தில் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். சில மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டவில்லை, அகலமும் கூடவில்லை, தலைமுடி அளவுதான் என்றால் நிரப்பிப் பெயிண்ட் அடித்துவிடலாம். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகலமாகிக்கொண்டே வந்தாலோ பூச்சு வேலைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவர் வரும்வரை அந்தப் பென்சில் குறிகளை அழித்துவிடாதீர்கள்; அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.