பின் நம்பர் சொல்லாமல் ரிப்பேருக்குக் கொடுத்த ஃபோன்

வரப்பில் விழுந்த என் சாம்சங் ஃபோனில் கீறல்கூட இல்லை. ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் மட்டும் டச் வேலை செய்யவில்லை. டெம்பர் கிளாஸை உரித்துப் பார்த்தேன், பயனில்லை. மன்னார்குடிக் கடையில் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். சிக்கல் அங்கேதான். ஆன் ஆனதும் முதல் தடவை கைரேகையை ஏற்காது, பின் நம்பர்தான் கேட்கும். எண்களோ செத்த பாதியில்.

"நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் கடைக்காரர். மேசையில் கிடந்த ஃபோன்களின் முதுகிலெல்லாம் பெயரும் பின் நம்பரும் எழுதிய சீட்டு, செல்லோடேப்பில். என் ஃபோனிலோ பயிர்க்கடனுக்கு எடுத்த சிட்டா, ஆதார் படங்கள், வங்கி ஆப். திரும்ப வாங்கிக்கொண்டேன். தஞ்சாவூரில் இன்னொரு கடை, எல்லாவற்றையும் அழிக்கணும் என்றது. டச் பழுதுக்கு அது எதற்கோ!

கைகொடுத்தது ஓடிஜி அடாப்டரும் (மவுஸை ஃபோனில் செருக உதவும் சின்ன இணைப்பான்) பையனின் மவுஸும். சார்ஜர் குத்தும் இடத்தில் செருகியதும் திரையில் அம்புக்குறி வந்தது. எண்களைக் கிளிக் செய்தேன். அந்த நேரம் சார்ஜ் ஏறாது, முன்பே ஏற்றிவிடுங்கள். படங்களை கூகுள் டிரைவில் போட்டேன்.

அப்புறம் செட்டிங்ஸில் டிவைஸ் கேர் பகுதிக்குள் மெயின்டனன்ஸ் மோடை ஆன் செய்தேன். சாம்சங் 2022-இல் கொண்டுவந்த வசதி. ஃபோன் புதிதாக வாங்கியதுபோல் வெறுமையாக எழும்; டச், கேமரா எல்லாம் சோதிக்கலாம், நம் படமும் செய்தியும் தெரியாது. வெளியே வர நம் பின் நம்பரோ கைரேகையோ வேண்டும்.

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு அதே மன்னார்குடிக் கடையில் கொடுத்தேன். நம்பர் கேட்காமலே டிஸ்பிளே மாற்றினார். அந்த மோடிலேயே நாலு மூலையையும் விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.