லண்டனில் மகளுக்குத் தனியார் பெண்கள் பள்ளி தேடுபவர்களுக்கு

முதலில் தேதிகளைக் குறித்து வையுங்கள். செப்டம்பரில் 7ஆம் வகுப்பில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே பல பள்ளிகளில் பதிவு முடிந்துவிடும். இங்கே பல பெண்கள் பள்ளிகள் சேர்ந்து ஒரே நுழைவுத் தேர்வு வைக்கின்றன, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் போய் எழுதும் அலைச்சல் அதில் மிச்சம்.

பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாளான ஓப்பன் டேக்குக் கண்டிப்பாகப் போங்கள். தலைமையாசிரியரின் பேச்சைவிட, உங்களைச் சுற்றிக்காட்ட வரும் மாணவியிடம் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவாய், கணக்கு புரியாவிட்டால் யாரிடம் போவாய் என்று கேளுங்கள். அவள் தயங்காமல், சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் அது எனக்குத் தேர்ச்சி விகிதத்தைவிடப் பெரிய விஷயம். ஆய்வகத்தில் பெண்களே ஒயரை இணைத்துப் பார்க்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் பணம். 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20% வாட் வரி உண்டு. சாப்பாடு, பஸ், வயலின் வகுப்பு இவையெல்லாம் தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருமானம் குறைவென்றால் பர்சரி, அதாவது கட்டணச் சலுகை, கேட்கக் கூச்சமே வேண்டாம். 1872இல் தொடங்கிய கேர்ள்ஸ் டே ஸ்கூல் ட்ரஸ்ட் பள்ளிகளிலும் அது உண்டு.

விடுதி இல்லாத பள்ளி என்றால் தினமும் போய் வர வேண்டும். ஒரு குளிர்கால வேலை நாளில், காலை ஏழரைக்கு, மகளோடு அதே பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.