காய்ச்சலும் சிறுநீரகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டு, கோபிப் பக்கம் நடவு தொடங்கிவிட்டால், வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும் எந்தக் காய்ச்சலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அதன் சிறுநீர் வழியே வயல் நீரில் கலந்து, சேற்றில் ஊறிய காலின் வெடிப்பு வழியாக உடலுக்குள் நுழைகிறது. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ், புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருகிறது. இரண்டுமே தொடக்கத்தில் வெறும் உடம்புவலிக் காய்ச்சலாகத் தெரிந்து, பிறகு சிறுநீரகத்தைப் பிடிக்கக் கூடியவை.

"ஏனுங்க, ஒரு ஊசியைப் போட்டு உடுங்க, நாளைக்கு நடவுக்குப் போகோணும்" என்று கேட்டு வலி ஊசி போட்டுக்கொள்வதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. காய்ச்சலில் நீர் வற்றிச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும்போது, அது புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, தனக்குள் இரத்தம் வரும் நுண்குழாய்களை விரித்து வைத்துச் சமாளிக்கிறது. டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகள் அந்தச் சுரப்பையே தடுத்துவிடுவதால், அதுவரை தாக்குப்பிடித்த சிறுநீரகம் ஒன்றிரண்டு நாளில் படுத்துவிடலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், நீரிழப்புக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல். மற்றதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

பரிசோதனைத் தாளைப் படிப்பதிலும் பிழை நேர்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.1 என்று வந்து, பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருந்தால், 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தாளுக்குரியவருக்கு இரண்டு நாளுக்கு முன் அது 0.7 ஆக இருந்திருந்தால், 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்னும் 2012ஆம் ஆண்டு உலகளாவிய வரையறைப்படி, அவருக்குப் பாதிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே இந்த எண் ஏறும் என்பதால், ஒரே ஒரு சோதனையை நம்பாமல் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்ற ஆறுதலும் போதாது, ஏனெனில் எலிக்காய்ச்சலில் பலருக்குச் சிறுநீர் அளவு குறையாமலேயே சிறுநீரகம் கெடுகிறது. கூடவே இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பும் இறங்குகிறது.

உடம்பை முழுமையாகப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. சேலை சொருகும் இடுப்பு, அரைஞாண் கயிற்றின் அடி, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அது வலிப்பதில்லை, ஆகவே நோயாளி சொல்வதுமில்லை. எல்லோருக்கும் அது இருக்கும் என்பதுமில்லை. இந்தக் கிருமி நம் செல்களுக்கு உள்ளேயே பெருகுவதால், எலிக்காய்ச்சலுக்குப் பயன்படும் செஃப்ட்ரியாக்சோன் இதற்கு எடுபடாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

'எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று கஷாயத்தை நம்பி நாள் கடத்துவதும் ஆபத்து. செப்சிஸ் என்பது கிருமியால் மட்டும் வருவதன்று; கிருமியை எதிர்க்கும் உடலின் வினையே நெறிதவறி உறுப்புகளைக் கெடுப்பது என்றே 2016 முதல் அதை வரையறுக்கிறார்கள். குழந்தைகளின் சிரங்குப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, முகம் வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவதும் அத்தகைய எதிர்வினையால்தான். ஆகவே காய்ச்சல் இறங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்: செப்சிஸில் உடல் சில்லிட்டும் போகலாம். பேச்சு குழறுவது, மூச்சு நிமிடத்துக்கு 22ஐத் தொடுவது அல்லது தாண்டுவது, மேல் இரத்த அழுத்தம் 100க்கோ அதற்குக் கீழோ வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏற்கெனவே சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களின் குடலில் பல ஆண்டுகளாக அடங்கியிருக்கும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு, ஸ்டீராய்டால் கட்டவிழ்ந்து உடலெங்கும் பரவி, செப்சிஸில் கொண்டுபோய் விடலாம். மருந்து தொடங்குமுன்பே வயல் வேலை செய்ததை மருத்துவரிடம் சொன்னால் அதற்கான சோதனையைச் செய்துவிடலாம். காய்ச்சல் வந்ததும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவதும் தவறு. கழுத்துக் குழாய் வழியே டயாலிசிஸ் செய்பவருக்கு நடுவில் குளிர் நடுக்கம் வந்தால், அதை ஏசிக் குளிர் என்று போர்வையால் மூடாமல், உடனே இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனவர்களில் பலர் மறுபடி வருவதேயில்லை. கிரியேட்டினின் இறங்கியிருந்தாலும் மூன்றாம் மாதம் அதையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அறுப்பு வேலை நடக்கும் நாளாக இருந்தாலும் அரை நாள் ஒதுக்கி வாருங்கள்.