தலைவாஸுக்கு எந்தக் கல்லூரி வீரர்? ஏலத்துக்கு முன் வாதிடும் ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

புரோ கபடி ஏலத் தேதி வெளியானதும், மேலூரிலும் வாடிப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் கபடி பார்ப்பவர்கள் கூடுகிற இடங்களில் ஒரே பேச்சுதான்: இந்த முறையாவது நம் பக்கத்துக் கல்லூரி வீரர் ஒருவரைத் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் எடுக்குமா, எடுத்தால் அது யாராக இருக்க வேண்டும்? இந்த வாதம் பெரும்பாலும் போன வாரப் போட்டியில் யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்பதில் தொடங்கி, அவர் எந்த ஊர்க்காரர் என்பதில் முடிந்துவிடுகிறது. ஒரு வீரரை அணி ஏன் எடுக்க வேண்டும் என்பதை எதிரில் இருப்பவரும் ஒப்புக்கொள்ளும்படி சொல்ல விரும்புகிறவர், பெயரிலிருந்து தொடங்காமல் அணியில் காலியாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏலத்துக்கு முன்பே ஒவ்வோர் அணியும் தக்கவைத்துக்கொண்ட வீரர்களின் பட்டியல் வந்துவிடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் இடது கார்னர், இடது இன், இடது கவர், நடு, வலது கவர், வலது இன், வலது கார்னர் என ஏழு இடங்களையும் வரைந்து, இருப்பவர்களை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். பிறகு, முதல் ஆள் காயப்பட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதை அடியில் எழுதுங்கள். கல்லூரி வீரருக்கான இடம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வரியில்தான் இருக்கும். ஓர் அணியில் 18 முதல் 25 வீரர்கள் வரை இருக்கலாம் என்பதால், இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் வெறும் ஒப்புக்கு நிரப்பப்படுபவை அல்ல.

இதற்குத் தலைவாஸின் வரலாறே சாட்சி. 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய பெயர்களாக நிரப்பிய அணி பன்னிரண்டு அணிகளில் கடைசியாக முடித்தது. 2022இல் நட்சத்திர ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்) பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள்; அவரோ முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து பருவம் முழுவதையும் இழந்தார். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட நரேந்தர், புதிதாக வந்த இளைஞர். 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது அந்தப் பருவத்தில்தான். ஆகவே, உங்கள் வாதம் அடுத்த பவனைத் தேடுவதாக இருக்க வேண்டாம். அடுத்த நரேந்தரைத் தேடுவதாக இருக்கட்டும்.

அடுத்தது பார்க்கும் முறை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கோ, பொங்கலை ஒட்டி நடக்கும் ஊர்ப் போட்டிக்கோ போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். மைக்கில் புள்ளிகளையும், இடையிடையே யாரோ அறிவிக்கும் ஐந்நூறு ரூபாய்ப் பரிசையும்தான் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது அதில் இருக்காது. ஒரு ரைடரைத் தேர்ந்தெடுத்து, அவர் பாடிப் போகும் ஒவ்வொரு முறையும் தொட்டு எடுத்த புள்ளி, போனஸ் கோட்டைத் தாண்டி எடுத்த போனஸ், வெறுங்கையோடு திரும்பியது, பிடிபட்டது என்று நான்கு கட்டங்களில் ஒன்றில் கோடு போடுங்கள். போனஸைத் தொடு புள்ளியோடு சேர்த்து எழுதாதீர்கள். தொட்டு எடுத்த புள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நம் வீரர் ஒருவர் உள்ளே வருவார். போனஸுக்கு யாரும் வரமாட்டார். பலகையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆட்டத்தில் அவற்றின் எடை வேறு.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலாமவர் 20 முறை பாடிப் போய், 6 தொடு புள்ளியும் 5 போனஸும் எடுத்து, 6 முறை பிடிபடுகிறார். இரண்டாமவர் அதே 20 முறையில் 7 தொடு புள்ளியும் 1 போனஸும் எடுத்து, 2 முறை மட்டும் பிடிபடுகிறார். பலகையில் 11க்கு 8 என்று முதலாமவரே முந்துகிறார்; கூட்டமும் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு கலையும். ஆனால் அவர் பிடிபட்டதால் எதிரணிக்குப் போன 6 புள்ளிகளைக் கழித்தால் அணிக்கு மிஞ்சுவது 5. இரண்டாமவரால் மிஞ்சுவது 6தான் என்றாலும், அவர் நம் பக்கம் ஏழு பேரை உள்ளே கொண்டுவந்து, எதிரணிக்கு இரண்டு பேரை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதோடு, முதலாமவர் ஆறு முறை வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் அணி இரண்டாம் தர ரைடரை வைத்துத்தான் ஓட்டியிருக்கும். எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடிபட்டால் அது சூப்பர் டேக்கிள். அவர்களுக்கு இரண்டு புள்ளி. அந்தச் சூழலில் பிடிபட்டதை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். அவசரக்கார ரைடரை அந்த வட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமனே போன பிறகு வரும் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால் ஆள் வெளியே. இந்த ‘டூ ஆர் டை’ ரெய்டுக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கல்லூரி அணியின் பயிற்சியாளர் யாரை நம்புகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அவர் தினமும் பார்க்கிற ஆட்களைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு அது.

இனிப் பிடிப்பவர்கள். ரசிகர்களின் பேச்சில் இவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை; எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. 2024 மார்ச்சில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று கோப்பையை எடுத்த புனேரி பல்தானின் தற்காப்பில், வலது கவரில் ஆடியவர் தமிழ்நாட்டின் அபினேஷ் நடராஜன். இறுதிப்போட்டியில் வென்ற அணியே 28 புள்ளிதான் எடுத்தது என்றால், ஆட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார்னரில் நிற்பவரைப் பார்க்கும்போது ரைடரைப் பார்க்காதீர்கள். கார்னரின் கால்களை மட்டும் பாருங்கள். ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது, பின்கால் தரையை விட்டு எழும்பியாக வேண்டும். அந்த நொடியில் அவருடைய உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இருக்கும். தேர்ந்த கார்னர் அதுவரை அரை அடி பின்னால், இன் வீரரின் கையை விடாமல் காத்திருந்து, அப்போது தாழ்ந்து கணுக்காலைப் பிடிப்பார். அரைகுறை கார்னரோ ரைடரின் முதல் ஏமாற்று அசைவுக்கே பாய்ந்து, முதுகில் தொடுபட்டு வெளியே போவார். கவரில் நிற்பவரிடம் பார்க்க வேண்டியது வேறு: கார்னர் கணுக்காலைப் பிடித்ததும் இரண்டாவது ஆளாக எவ்வளவு விரைவில் வந்து சேருகிறார், ரைடர் பக்கவாட்டில் திரும்பும்போது டாஷ் அடித்து எல்லைக்கு வெளியே தள்ளும் துணிவு இருக்கிறதா என்பவை. தனியாகப் பாய்ந்து பாய்ந்து கைத்தட்டல் வாங்கும் கவரை நான் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன்.

மண் ஆடுகளத்தில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரியல்ல. தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது கால் சறுக்கும். அந்தச் சறுக்கலையே வித்தையாக்கி, கோட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்து சேரும் ரைடர்கள் நம் பக்கத்தில் நிறைய. ‘மேட்’ எனப்படும் விரிப்பில், ஷூ போட்ட காலுக்கு அந்தச் சறுக்கல் கிடைக்காது. கால் ஒட்டிக்கொள்ளும், திடீரென்று திரும்பினால் சுமை முழுவதும் முழங்காலில் விழும். நீங்கள் சொல்லும் வீரரை ‘மேட்’ விரிப்பில் ஓர் ஆட்டமாவது பார்த்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவராக இருந்தால் அந்த வாய்ப்பு கிடைக்கும். 23 வயதுக்குட்பட்டோருக்காக 2022இல் தொடங்கிய யுவா கபடி தொடரில் ஆடியவராக இருந்தால் காணொளியே போதும். ஆனால் முழு ஆட்டத்தையும் பாருங்கள். முப்பது நொடித் துண்டுக் காணொளியில் பிடிபட்டது எதுவும் இருக்காது.

எடை பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் பிரிவில் 85 கிலோதான் வரம்பு. அதை ஒட்டி நிற்பவர் ஏலத்துக்குள் குறைத்துவிடுவார் என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, எந்த வழியில் எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாதம் முழுமை பெறும். ஏலத்தில் ‘ஏ’ பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், ‘பி’க்கு 20, ‘சி’க்கு 13, ‘டி’க்கு 9. இதற்கு வெளியே, ‘நியூ யங் பிளேயர்ஸ்’ என்ற திட்டத்தின் மூலம் புதிய இளைஞர்களை அணிகள் ஏலமின்றியே சேர்த்துக்கொள்ள முடியும். கல்லூரியிலிருந்து நேராக வரும் வீரருக்கு இதுவே இயல்பான வாசல். ஆகவே, “ஒரு கோடி கொடுத்தாவது எடுக்க வேண்டும்” என்று பேசுவது அந்தப் பையனுக்கும் நல்லதல்ல, கேட்பவர்களும் சிரிப்பார்கள். இந்த இடத்துக்கு, இந்த ஆளுக்கு மாற்றாக, இந்த வழியில் என்று ஒரு ரைடர், ஒரு பிடிப்பவர் என இரண்டு பெயர்களை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது பெயர் வந்தால், முதல் இரண்டில் எதை நீக்குவது என்று முடிவு செய்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.