நீர் விநியோகத்தை நிறுத்தாமல் பிரதான குழாயைத் திருத்தும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் நிலத்தடி பிவிசி பிரதான குழாய் வெடித்தால் வால்வை முழுதாகப் பூட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் குழாயில் அழுத்தம் அற்றுப்போனால் குழாயைச் சுற்றித் தோண்டும் கிடங்கிலுள்ள சேற்றுநீர் வெடிப்பின் வழியே உள்ளே இழுபடக்கூடும் என்பதால், நீர் பீறிடாமல் கசியும் அளவுக்கு மட்டும் வால்வை மூடி வைப்பதே மேலானது.

குழாயின் அடிக்குக் கீழும் ஓரடி தோண்டி, பம்பியால் இடைவிடாது நீரை இறைக்க வேண்டும். மாரியில் வயற்கரைக் களிமண் சரியும். பலகை முட்டுக்கொடுக்காமல் ஆழமான கிடங்கில் எவரையும் இறக்கக் கூடாது.

வெடிப்பைச் சுற்றி இறுக்கி மூடும், உட்புறம் இறப்பர் பதித்த பட்டியான கிளாம்பைக் குழாயின் வெளிவிட்டத்தை அளந்தே தெரிவு செய்ய வேண்டும். குழாயைச் சுரண்டித் துடைத்து, கிளாம்பின் உட்புற இறப்பரைக் குளோரின் கரைசலால் கழுவி, வெடிப்புக்குச் சற்றுத் தள்ளித் தளர்வாக மாட்டி, பின்னர் வெடிப்பின் மேல் நகர்த்தி, நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் இறப்பர் மடிந்து மறுபக்கம் சீறும்.

வெடிப்பு கிளாம்பின் நீளத்தை மீறினால், இருபுறமும் சேடில் (குழாயின் மேல் பூட்டிக் கிளைக்குழாய் எடுக்கும் இணைப்பு) பொருத்தித் தற்காலிகப் பக்கக் குழாயால் நீரைக் கொடுத்துவிட்டு அத்துண்டை வெட்டி மாற்றலாம். வால்வை மெல்லத் திறந்து, முழு அழுத்தத்திலும் கசிவில்லை என்று கண்ட பின்னரே மணலிட்டுக் கிடங்கை மூட வேண்டும்.