பழைய திகில் ஷூட்டரை விஆருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004-இல் வந்த டூம் 3-இல் டார்ச்சைக் கையில் எடுத்தால் துப்பாக்கியை உள்ளே வைத்தாக வேண்டும். துப்பாக்கியை எடுத்தால் அறை இருண்டுவிடும். 2005-இன் ரெசிடென்ட் ஈவில் 4-இல் குறிபார்க்கத் தொடங்கிய நொடியிலேயே கால் நின்றுவிடும். இரண்டையும் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் அந்த ஆட்டங்களில் பயம் விளைந்ததே அங்கேதான். விஆரில், அதாவது தலையில் ஹெட்செட் மாட்டி ஆட்டத்துக்குள்ளேயே நிற்கும் மெய்நிகர் உலகில், ஆடுபவருக்கு இரண்டு கைகளும் கழுத்தும் இடுப்பும் கிடைத்துவிடுகின்றன. பழைய கட்டுப்பாடுகள் தாமாகவே கழன்றுவிடும். அதைக் கவனிக்காமல் எதிரிகளின் எண்ணிக்கையையும் தோட்டாக் கணக்கையும் அப்படியே விட்டுவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

கழன்ற கட்டுப்பாட்டுக்குப் பதில் உடம்பிலேயே வேறொன்றை வைக்க வேண்டும். அதற்கு வாகான இடம் ரீலோடு. இடுப்பிலிருந்து மேகசின் எடுத்து, துப்பாக்கியில் சொருகி, ஸ்லைடை இழுக்க இரண்டு கைகளும் தேவை. அப்போது இடது கை டார்ச்சை விட்டாக வேண்டும். விட்ட டார்ச் மார்பிலிருந்து தொங்கி, இரண்டு மூன்று நொடிகளுக்குத் தரையை மட்டும் காட்டும். எதிரில் வந்துகொண்டிருப்பது எவ்வளவு நெருங்கியது என்று தெரியாத அந்த நொடிகள்தான் பழைய ஆட்டத்தின் ஆன்மா. பட்டனை அழுத்தினால் தானாக ரீலோடு ஆகும் வசதி இருக்கட்டும், உடல் வசதி இல்லாதவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அதையே இயல்புநிலையாக வைத்துவிடாதீர்கள்.

டார்ச்சைத் தலையில் பொருத்துவது இன்னொரு பெரிய பிழை. ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்பட்டால், ஒவ்வொரு பொருளின் நிழலும் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். அறை தட்டையாகத் தெரியும். அதே டார்ச் கண்ணிலிருந்து 30, 40 செ.மீ. தள்ளிக் கையில் இருந்தால், மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே குழாய்களின் நிழல் சுவரில் ஊர்ந்து போகும். டூம் 3 போன்ற நிழலை நம்பிக் கட்டிய ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

அடுத்து கேமரா. தலையை ஆடுபவரைத் தவிர வேறு யாரும் அசைக்கக்கூடாது. நடக்கும்போது வரும் குலுக்கல், சுடும்போது பார்வை மேலே எகிறுவது, அடிபட்டால் பார்வை சாய்வது ஆகிய மூன்றையும் முழுவதுமாக நீக்குங்கள். பாதியாகக் குறைத்தாலும் குமட்டும், ஏனென்றால் உள்காது உணராத அசைவைக் கண் காண்கிறது. அடிபட்டதைச் சொல்லக் கண்ட்ரோலரின் அதிர்வும், அடி வந்த திசையில் ஓசையும், பார்வை ஓரத்தில் சிவப்பும் போதும். கட்சீன்கள், அதாவது இடையில் தாமாக ஓடும் கதைக்காட்சிகள், கேமராவை இங்குமங்கும் இழுப்பவை. ரெசிடென்ட் ஈவில் 4-இன் 2021 பதிப்பு, குவெஸ்ட் 2 ஹெட்செட்டுக்கானது, அவற்றைத் தனித் திரையில் ஓடவிட்டது. ஆடுபவர் ஒரு கணம் உலகத்திலிருந்து வெளியே வருகிறார், உண்மைதான். வாந்திக்கு அது எவ்வளவோ மேல்.

வேகத்தையும் அளந்து பாருங்கள். டூம் 3-இல் ஒரு யூனிட்டை ஓர் அங்குலம் என்று கொள்ளலாம். நடைவேகம் நொடிக்கு 140 யூனிட், அதாவது சுமார் 3.6 மீட்டர். ஓட்டம் 220 யூனிட், 5.6 மீட்டர். மனிதர் இயல்பாக நடப்பது நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர்தான். தட்டைத் திரையில் நடையாகத் தெரிந்தது ஹெட்செட்டுக்குள் சக்கர நாற்காலியில் தள்ளிவிட்டதுபோல் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் எதிரிகளின் வேகத்தையும் பாய்ச்சல் தூரத்தையும் சேர்த்தே குறைக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். திரும்புவதற்கு, ஒவ்வொரு தட்டலுக்கும் 30 அல்லது 45 பாகை சட்டெனத் தாவும் படித்திருப்பம் இயல்புநிலையாக இருக்கட்டும். வழுக்கும் திருப்பம் வேண்டியவர் அமைப்பில் மாற்றிக்கொள்வார்.

அளவுகோலையும் இதே கணக்கில் சரிபாருங்கள். அந்த ஆட்டத்தில் கண் உயரம் 68 யூனிட், சுமார் 1.73 மீட்டர். ஆடுபவரின் உண்மையான உயரத்தை இதற்கு ஏற்றாமல் விட்டால் குள்ளமானவர் உலகை அண்ணாந்து பார்ப்பார், உட்கார்ந்து ஆடுபவர் தரையில் தவழ்வார். தொடக்கத்திலேயே நின்றா உட்கார்ந்தா என்று கேட்டு, வேறுபாட்டைக் கூட்டிவிடுங்கள்.

இனி எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரல். டூம் 3-இன் மூலநிரல் 2011 நவம்பரில் ஜிபிஎல் என்ற திறந்தநிரல் உரிமத்தில் வெளியானதால் பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். நிரல்தான் திறந்தது. வரைபடங்களும் ஒலிகளும் அல்ல. அவற்றை உங்கள் தொகுப்போடு சேர்த்து வெளியிடாதீர்கள், வாங்கியவரின் கோப்புகளைப் படிக்கும்படி எழுதுங்கள்.

எது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழைய ஆட்டத்தின் கணக்கு நொடிக்கு 60 முறை ஓடும். ஹெட்செட் 90 முறை காட்டுகிறது என்று வையுங்கள், ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) 11.1 மில்லிநொடிதான். தலையின் நிலையை ஆட்டக் கணக்கிலிருந்தே எடுத்தால் மூன்று ஃபிரேமில் ஒன்று பழைய நிலையையே காட்டும், உலகம் நடுங்கும். தலையையும் கைகளையும் கணக்கிலிருந்து பிரித்து, வரைவதற்குச் சற்று முன் கிடைக்கும் புதிய நிலையைப் பயன்படுத்துங்கள். எதிரிகளை இரண்டு கணக்குகளுக்கு இடையில் இடைக்கணித்து நகர்த்துங்கள்.

இரண்டு கண்களுக்கும் இரண்டு முறை வரையும்போது இன்னொரு நிரல்பிழை ஒளிந்திருக்கும். தீப்பொறி, புகை, மினுக்கும் விளக்கு இவற்றின் நேரத்தையோ தற்செயல் எண்ணையோ வரையும் நிரலுக்குள்ளேயே நகர்த்தினால், இடக்கண் பார்க்கும் தீயும் வலக்கண் பார்க்கும் தீயும் வேறாகிவிடும். திரையில் பார்த்தால் தெரியாது. ஹெட்செட்டில் காரணம் புரியாத எரிச்சலாகக் கண்ணில் உறுத்தும். நேரத்தை ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் நகர்த்துங்கள். எது கண்ணுக்குத் தெரியும் என்ற வடிகட்டலை இரண்டு கண்களின் பரப்பையும் சேர்த்து ஒருமுறை செய்யுங்கள், ஒரு கண்ணை வைத்துச் செய்தால் ஓரத்தில் பொருட்கள் ஒற்றைக் கண்ணில் மட்டும் மறையும். ஃபிலிம் கிரெய்னையும் (படச்சுருள் போன்ற புள்ளித்தூவல்) மோஷன் பிளரையும் (அசைவில் வரும் மங்கல்) எடுத்துவிடுங்கள். கிரெய்ன் முகத்துக்கு முன் அழுக்குக் கண்ணாடி மாட்டியதுபோல் நிற்கும்.

துப்பாக்கி மாடலைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் திரையில் தெரியும் பக்கத்தை மட்டுமே செய்தார்கள், மறுபக்கம் ஓட்டையாக இருக்கும், கை முழங்கையோடு வெட்டுப்பட்டிருக்கும். சுவருக்குள் புகாமல் இருக்க ஆயுதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வரையும் பழைய தந்திரத்தையும் நிறுத்துங்கள். சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டிய குழல் சுவருக்கு முன்னால் தெரிந்தால் கண்கள் இரண்டும் சண்டையிடும். குண்டு பார்வை நடுவிலிருந்து இனிப் புறப்படாது, குழலின் முனையிலிருந்து புறப்படும். அதனால் தலைக்கும் முனைக்கும் நடுவே சுவர் இருக்கிறதா என்று சோதியுங்கள், இல்லாவிட்டால் கதவுக்குள் கையை நீட்டி அடுத்த அறையில் இருப்பதைச் சுட்டுவிடுவார்கள்.

குறிபார்க்க உதவும் குறுக்குக்குறியை முகத்தோடு ஒட்டாதீர்கள், அது இரண்டாகத் தெரியும். குண்டு படும் இடத்தில் லேசர் புள்ளி வையுங்கள். உயிர் அளவும் தோட்டா எண்ணிக்கையும் மணிக்கட்டிலோ ஆயுதத்திலோ இருக்கட்டும். டூம் 3-இன் சுவர்த்திரைகளை விரலாலேயே தொடவிடலாம். விரல் நுனி திரைத்தளத்தைத் தாண்டும்போது ஒருமுறை அழுத்தமாகக் கொள்ளுங்கள், 2 செ.மீ. பின்வாங்கிய பிறகே அடுத்ததை ஏற்கவும். இல்லாவிட்டால் கை நடுக்கத்தில் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும்.

இருளைத் திரையின் வகை பார்த்து அமையுங்கள். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் முழுக் கறுப்பிலிருந்து பிக்சல்கள் மெதுவாக எழும், தலையைத் திருப்பினால் கறை இழுபடும். மிகக் குறைந்த அளவைக் கறுப்புக்குச் சற்று மேலே உயர்த்தினால் தீரும். பின்னொளி உள்ள எல்சிடியில் கறுப்பே சாம்பலாகத்தான் இருக்கும். அங்கே இருளின் வேலையை ஓசைக்குக் கொடுங்கள், திசையும் தூரமும் காதுக்குப் புரியும் ஒலியமைப்பு அதற்குத் தேவை.

எதிரி எவ்வளவு நெருங்கலாம்? முக்கால் மீட்டருக்குள் வரும் முகத்தில் கண்கள் குவியச் சிரமப்படும். இன்னும் நெருங்கினால் முகத்தின் உட்பக்கம் தெரிந்து பயம் கலைந்துவிடும். கடிக்கும் அசைவை அந்தத் தூரத்திலேயே நிறுத்தி, தலையைப் பின்னுக்கு இழுத்தவர் தப்பிக்கும்படி அடியைக் கணக்கிடுங்கள். இதைச் சோதிக்க, விஆர் பழக்கமே இல்லாத ஒருவரை 20 நிமிடம் ஆடவிட்டு, அவர் கைகளைப் பாருங்கள். பயத்தில் டார்ச்சை முகத்துக்குக் குறுக்கே தூக்கினால் தூரம் சரி. ஹெட்செட்டைக் கழற்றக் கை போனால் கேமராவில் ஏதோ இன்னும் அசைகிறது.